எண்ணூர் விடுமுறையில் பகல் பட்டாம்பூச்சியா, இரவு அந்துப்பூச்சியா?

எண்ணூர், கத்திவாக்கம் பக்கம் விடுமுறைக்குத் தங்குபவர் பூச்சி பார்க்கப் பகலைத் தேர்வதா, இரவைத் தேர்வதா என்றால், எண்ணிக்கை இரவின் பக்கமே இருக்கிறது. இந்தியாவில் பட்டாம்பூச்சி இனங்கள் 1,300ஐச் சற்றே தாண்டும். அந்துப்பூச்சி இனங்களோ 10,000க்கும் மேல். ஆனாலும் இந்தக் கடலோரத்துக்கு நான் பகலையே பரிந்துரைப்பேன்.

அந்துப்பூச்சி பார்க்க மொட்டைமாடிக் கொடியில் ஒரு வெள்ளை வேட்டியும், அதன் முன் புற ஊதாக் கதிர் வீசும் விளக்கும் போதும். ஆனால் நிலவில்லாத, காற்றடங்கிய இரவும் வேண்டும். சிக்கலே அங்குதான். துறைமுகமும் அனல்மின் நிலையமும் ஆலைகளும் இரவு முழுக்க விளக்கெரிக்கும் பகுதியில் அமாவாசைகூட இருட்டாக இருப்பதில்லை. கடற்காற்று எழுந்தால் வேட்டி பாய்மரமாகிவிடும். வீட்டு எல்.இ.டி. விளக்கில் புற ஊதாக் கதிர் அநேகமாக இல்லை என்பதால் அதை நம்பிப் பயனில்லை. அரளியோ நந்தியாவட்டையோ உள்ள தெரு என்றால் மட்டும், அவற்றின் இலை தின்று வளரும் பச்சைநிறப் பருந்து அந்துப்பூச்சிக்காக ஓர் இரவு விழித்திருக்கலாம்.

பகலுக்கு எந்தக் கருவியும் வேண்டாம். கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் எண்ணூரில் இறங்கி, வெயில் ஏறிய பிறகு, எட்டரை மணி வாக்கில், எருக்கஞ்செடிகளைத் தேடினாலே வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சியைக் காணலாம். இலையைத் திருப்பினால், கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளும் உடலில் மூன்று இணை கருநிற இழைகளும் கொண்ட அதன் புழு இருக்கக்கூடும். எருக்கம்பாலின் நஞ்சு உடலில் சேர்ந்திருப்பதால் பறவைகள் பெரும்பாலும் அதைத் தீண்டுவதில்லை. பட்டாம்பூச்சியும் அவசரமின்றிப் பறக்கும். புதிதாகப் பார்க்க வருபவருக்கு இதைவிடச் சௌகரியம் வேறில்லை.

எருக்கைவிட எனக்குப் பிடித்தது தேள்கொடுக்குச் செடி. அதன் வாடிய தண்டுகளை வரியன்களின் ஆண்கள் காலால் கீறி உறிஞ்சுவதை அருகிலிருந்தே பார்க்கலாம்; பெண்ணைக் கவரும் மணத்தை உருவாக்க அதிலுள்ள ஆல்கலாய்டு என்ற வேதிப்பொருள் அவற்றுக்குத் தேவை. வெண்சிறகில் சிவப்பும் கறுப்புமாகப் புள்ளியிட்ட ஒரு சிறு அந்துப்பூச்சியின் புழுவுக்கும் இதே செடிதான் உணவு. அது பகலிலும் பறப்பதால், இரவைத் தவிர்த்தவருக்கும் அந்துப்பூச்சி கிடைத்துவிடுகிறது. உணர்கொம்பின் நுனி குமிழாகத் தடித்திருந்தால் பட்டாம்பூச்சி, இழையாக மெலிந்திருந்தால் அந்து என்று இரண்டையும் அங்கேயே பிரித்தறியலாம்.

பருவத்தைப் பொறுத்தவரை, செடிகள் காய்ந்துபோகும் மே மாதத்தைவிட, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து பசுமை தழைக்கும் பொங்கல் விடுமுறையே இரு தரப்புக்கும் ஏற்றது.