வவுனியா ரவுண்: ஊருக்கு வருபவர்கள் முடித்துக்கொண்டு போகக்கூடிய அலுவல்கள்

வெளிநாட்டிலிருந்து வருபவர்களில் பலருக்கு வவுனியா என்றால் பஸ் நிற்கும் இடம், ஒரு தேத்தண்ணி, அதற்குப் பிறகு நேரே யாழ்ப்பாணம். ஆனால் வன்னிப் பக்கத்து ஆட்களுக்குப் பத்திர அலுவல்கள் பல இந்த நகரத்திலேயே முடியும். போகும் வழியில் இரண்டு வேலை நாளை இங்கே ஒதுக்கினால், பிறகு திரும்பி ஓடிவரும் அலைச்சல் இல்லை.

முதலில் பஸ் நிலையம். ஓட்டோவில் ஏறி வெறுமனே "பஸ் ஸ்டாண்ட்" என்று சொல்லக்கூடாது. நகர நடுவில் இருப்பது பழையது. யாழ்ப்பாண வீதியில் 2017 இல் திறந்தது புதியது. எந்த பஸ் எங்கிருந்து வெளிக்கிடுவது என்பதில் இ.போ.ச. (அரச பஸ்) பக்கமும் தனியார் பக்கமும் நீண்ட காலம் இழுபறிப்பட்டதால் பழைய ஞாபகத்தை நம்பிப் போகாதீர்கள். போகும் ஊரின் பெயரைச் சொல்லிக் கடைக்காரர் ஒருவரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள். பெட்டியோடு நடக்கிற எண்ணமும் வேண்டாம். ஓட்டோவுக்குக் காசை முதலே பேசுங்கள்.

புகையிரத நிலையம் ஏ9 வீதிக்கு மேற்குப் பக்கம், வைரவபுளியங்குளம் பகுதியில். ஆசனப் பதிவு பயணத் திகதிக்கு 30 நாள் முன்னர் திறக்கும். நல்லூர்த் திருவிழா, ஓகஸ்ட் 15 மடுத் திருநாள், சித்திரைப் புதுவருடம் ஆகிய நாட்களை ஒட்டி வருபவர்கள் பதிவு திறக்கும் அன்றே எடுத்துவிட வேண்டும். இணையத்தில் எடுப்பவர்கள் கடவுச்சீட்டு இலக்கத்தைச் சரியாகக் கொடுத்து, அதே கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். பழைய கடவுச்சீட்டின் இலக்கத்தைக் கொடுத்துவிட்டுப் புதியதோடு வந்து நின்றால் கரைச்சல்.

இனி முக்கியமானது, பிறப்பு, திருமண, இறப்புச் சான்றிதழ்ப் பிரதிகள். இவற்றைப் பிரதேச செயலகத்தில்தான் எடுக்க வேண்டும், கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) அல்ல. பண்டாரவன்னியன் சிலைக்கு முன்னால் இறங்கிக் கச்சேரிக்குள் போய் வரிசையில் நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்புபவர்கள் இன்றும் உண்டு. மாவட்டத்தில் நான்கு பிரதேச செயலகங்கள்: வவுனியா, வவுனியா வடக்கு, வவுனியா தெற்கு, வெண்கலச்செட்டிகுளம். பதிவு கணினியில் ஏறியிருந்தால் வேறு பிரதேச செயலகத்திலும் பிரதி எடுக்கலாம். ஏறாத பழைய பதிவுக்கு, பதிவு நடந்த பிரதேசத்துக்கே போக வேண்டும். நெடுங்கேணியில் பதிந்தவர் வவுனியா வடக்கை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

விண்ணப்பத்தில் ஆட்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பதிவுத் திகதி வேறு, பிறந்த திகதி வேறு. பதிவு இலக்கமும் பதிவுத் திகதியும் தெரிந்தால் எழுதுவினைஞர் நேரே அந்தப் புத்தகத்தை எடுப்பார். தெரியாவிட்டால் தேட வேண்டும். தேடும் காலம் நீள நீளக் கட்டணமும் நேரமும் கூடும். அதனால் வீட்டில் கிடக்கும் பழைய பிரதியை, கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு வாருங்கள். வைத்தியசாலையில் பிறந்தவர்களுக்குப் பதிவுப் பிரிவு வைத்தியசாலை இருக்கும் இடத்தைப் பொறுத்தது, பெற்றோரின் ஊரைப் பொறுத்தது அல்ல. ஊர்ப் பெயரைப் பதிவுப் பிரிவாக எழுதிக் கொடுத்ததால் "பதிவு இல்லை" என்று திரும்பிய விண்ணப்பங்கள் நிறைய.

போரில் பதிவேடு அழிந்த இடங்களில் உண்மையாகவே பதிவு இல்லாமல் இருக்கலாம். அப்போதும் வாய்ச்சொல்லோடு திரும்பாதீர்கள். தேடிப் பார்த்துக் கிடைக்கவில்லை என்பதை எழுத்தில் வாங்குங்கள். காலங்கடந்த பதிவுக்குப் போனாலும், கொழும்பு மாளிகாவத்தையில் உள்ள மத்திய பதிவேட்டறையில் இரண்டாம் பிரதி தேடினாலும் அந்தக் கடிதம் கைகொடுக்கும்.

பிரதியை ஒன்றுக்கு மேல் எடுங்கள். மூன்று இருந்தால் நல்லது. கையில் கிடைத்ததும் அந்த இடத்திலேயே நின்று எழுத்தெழுத்தாக வாசியுங்கள்: தகப்பன் பெயர், முதலெழுத்து, திகதி. வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் உள்ள ஆங்கில எழுத்துக்கும் இதற்கும் பொருந்தாமை இருந்தால் மொழிபெயர்ப்பாளரிடம் முதலே காட்டுங்கள். மொழிபெயர்ப்பு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் முத்திரையோடு இருக்க வேண்டும். லமினேற் மட்டும் செய்யாதீர்கள். வெளிநாட்டில் கொடுக்க வெளிவிவகார அமைச்சின் அத்தாட்சி தேவைப்பட்டால் பத்திரத்தின் மேல் முத்திரை குத்த முடியாது போய்விடும். அந்த அத்தாட்சிக்கு யாழ்ப்பாணத்திலுள்ள பிராந்திய கொன்சியூலர் அலுவலகத்துக்குப் போகலாம். கொழும்பு வரை ஓடத் தேவையில்லை. வவுனியாவில் பிரதியும் மொழிபெயர்ப்பும், யாழ்ப்பாணத்தில் அத்தாட்சி. இந்த ஒழுங்கு வடக்கு நோக்கிய பயணத்துக்கு நேராகவே பொருந்துகிறது.

இலங்கைக் கடவுச்சீட்டு எடுக்க வேண்டிய இரட்டைப் பிரஜைகளுக்கும் உறவினருக்கும் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் வவுனியாவில் உண்டு. 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்திலும் ஒன்று திறக்கும்வரை வடக்கு முழுவதும் இங்கேதான் வந்து நின்றது. படத்தைத் திணைக்களம் அங்கீகரித்த ஸ்ரூடியோவில்தான் எடுக்க வேண்டும். படம் நேரே கணினியில் போகும், உங்கள் கையில் ஒரு துண்டு தருவார்கள். அந்தத் துண்டில்லாமல் வரிசையில் நிற்பதில் பயனில்லை. விரலடையாளம் கொடுக்க வேண்டியிருப்பதால் வயதுவந்தவர்களுக்காக வேறொருவர் போக முடியாது.

காணி அலுவல் என்றால் காணிப் பதிவகத்தில் காணியின் பதிவேடான தோம்பைப் பார்க்காமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். வன்னியில் பல காணிகள் உறுதி (உரிமைப் பத்திரம்) உள்ள காணிகள் அல்ல, அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் காணிகள். அவற்றை உறுதிபோல விற்கவோ வாங்கவோ முடியாது. இலங்கைப் பிரஜாவுரிமையை விட்டவர்கள் காணி வாங்குவதை 2014 இன் 38 ஆம் இலக்கச் சட்டம் பெரும்பாலும் தடுக்கிறது. இரட்டைப் பிரஜைகளுக்கும் நெருங்கிய உறவினரிடமிருந்து முதுசமாக வருவதற்கும் விலக்கு உண்டு. அற்றோணித் தத்துவம் (உங்களுக்காக இன்னொருவர் செயற்படும் அதிகாரம்) கொடுத்துவிட்டுப் போக நினைப்பவர்கள், எந்தக் காணிக்கு, எந்தச் செயலுக்கு என்று வரையறுத்து எழுதச் சொல்லுங்கள். "எல்லாவற்றுக்கும்" என்று எழுதிக்கொடுத்துப் பிறகு உறவே முறிந்த குடும்பங்களைப் பார்க்கும்போது மனம் நோகிறது.

அரச அலுவலகங்கள் காலை 8.30க்குத் திறக்கும். மாலை 4.15 என்பது கதவு மூடும் நேரம். மதியத்துக்குப் பிறகு கொடுத்த விண்ணப்பம் பெரும்பாலும் அடுத்த நாளுக்குப் போகும். வங்கிகள் பிற்பகல் 3 மணிவரை. போயா நாளில் இரண்டுமே பூட்டு. பயணத்தைப் போடுமுன் நாட்காட்டியில் பௌர்ணமியைப் பாருங்கள். கிராம அலுவலர் களத்துக்குப் போகும் நாட்களும் உண்டு; தொலைபேசியில் கேட்டுவிட்டே போங்கள். ஏரிஎம்மில் 5,000 ரூபாத் தாளாக வரும். அதை ஓட்டோவில் மாற்ற முடியாது, வங்கிக்குள்ளேயே 500, 100 ஆக மாற்றுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் கவனம் வேண்டும். மாவட்டத்துக் கிணற்று நீர் பல இடங்களில் கடினநீர். சிறுநீரக நோய் அதிகம் காணப்படும் மாவட்டங்களில் வவுனியாவும் ஒன்று. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், கரைந்திருக்கும் உப்புகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஊர் ஆட்களே வடிகட்டிய நீரைக் கானில் வாங்குகிறார்கள். பிள்ளைகளோடு வருபவர்களும் அதையே செய்யுங்கள்.

திரும்பும்போது கட்டுநாயக்காவுக்குப் போக வேண்டியவர்கள் கொழும்புக்குள் நுழையத் தேவையில்லை. அநுராதபுரம், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு வழியாக ஓடும் கொழும்பு பஸ்ஸில் ஏறினால் விமான நிலையத்துக்கு அருகாகவே போகும். தம்புள்ளை, குருநாகல் வழி பஸ்கள் வேறு. ஏறுமுன் "புத்தளம் பாதையா?" என்று கேளுங்கள். சில பஸ்கள் கடைசிப் பகுதியில் அதிவேக வீதியில் ஏறிவிடும் என்பதால் இறங்கும் இடத்தை நடத்துனரிடம் நீர்கொழும்புக்கு முன்னரே சொல்லிவையுங்கள்.