பள்ளி திறக்கும் வாரத்தில் எனக்குக் கைகொடுக்கும் சிலிக்கான் அச்சு

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் ஊர் வெயிலில், காலையில் புத்தகப்பையில் வைத்த டப்பா ஓய்வு நேரத்தில்தான் திறக்கும். அதற்குள் சாக்லெட் உருகி மூடியில் அப்பிக்கொள்ளும். ஆகார் ஆகார் என்கிற ஜெல்லிப் பலகாரத்துக்கு அந்தக் கவலையே இல்லை. ஜெலட்டின் நம் ஊர்ச் சூட்டுக்கே இளகிவிடும். கடற்பாசியில் இருந்து வரும் ஆகார் ஒருமுறை இறுகினால் 85 டிகிரி அளவில்தான் மறுபடி உருகும். சைவம் என்பதால் எல்லாப் பிள்ளைகளும் பகிர்ந்து சாப்பிடலாம்.

அதை ஊற்றி இறுகவைக்க, கரடி, மீன், நட்சத்திரக் குழிகள் உள்ள சிலிக்கான் அச்சைச் சில வருடங்களாக வைத்திருக்கிறேன். 2022இல் மார்ச்சுக்குப் போன பள்ளித் தொடக்கம் 2026இல் ஜனவரிக்கே திரும்பிவிட்டது. பொங்கல் வேலையும் அப்போதே வருவதால், சீக்கிரம் முடிகிற பலகாரம்தான் தோது.

1 லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 10 கிராம் ஆகார் தூள். தூள் முழுதாகக் கரையும்வரை கொதிக்க வேண்டும், சீனி அப்புறம்தான். நிறத்துக்கு வேலியோரச் சங்குப்பூ போதும். நீலச் சாற்றில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகும். யார் பிழிவது என்று பிள்ளைகளுக்குள் பெரிய போட்டியே நடக்கும். அடுப்பை அணைத்த பிறகே பிழியுங்கள். புளிப்போடு கொதித்தால் ஆகார் சரியாக இறுகாது.

முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு எனக்குப் பிடித்த வேலை வேறு. தட்டில் மெல்லிசாக ஊற்றி, இறுகியதும் கத்தியால் ட, ப என்று வெட்டிக் கொடுப்பேன். நேர்கோட்டு எழுத்துகள் என்பதால் சுலபம். எழுத்தைச் சரியாகச் சொன்னால்தான் வாய்க்குள் போகும்!

அச்சின் குணம் சொல்ல வேண்டும். எண்ணெய் தடவாமலே துண்டுகள் அழகாகக் கழன்று வரும். ஆனால் தொளதொளவென்று இருக்கும், தட்டில் வைத்துதான் ஊற்ற வேண்டும். வாசனையையும் பிடித்துக்கொள்ளும்; பாண்டான் இலை (ரம்பை) மணம் போக, சோடா மாவு கலந்த வெந்நீரில் ஊறவைக்கிறேன். கரடியின் காது போன்ற மெல்லிய இடங்கள் பல முறை பிய்ந்து போயின. புதிதாக வாங்குபவர்கள் அகலமான, ஆழம் குறைந்த குழிகளாகப் பாருங்கள்.

தேங்காய்ப்பால் ஊற்றிய ஆகார்தான் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் உயிர். ஆனால் வெயிலில் தேங்காய்ப்பால் சீக்கிரம் கெட்டுவிடும். அதனால் பள்ளி டப்பாவில் அதை வைப்பதில்லை, பிள்ளைகள் வீடு திரும்பியதும் ஐஸ் பெட்டியில் இருந்து எடுத்துக் கொடுப்பேன்.