ட்ரோலிங் மோட்டார் வயரிங்: மூணு வருஷ அனுபவம்

ட்ரோலிங் மோட்டார்னா படகை மெதுவா ஓட்டுற சின்ன எலக்ட்ரிக் மோட்டார். என்னோடது 12 வோல்ட், 55 பவுண்ட் த்ரஸ்ட் (தள்ளுற விசை), படகோட மூக்குல இருக்கு, பேட்டரி பின்னாடி. நடுவுல வயர் ஓடுற தூரம் 4 மீட்டர். முதல்ல 10 கேஜ் வயரும் (கேஜ் நம்பர் குறையக் குறைய வயர் தடிமன்) விலை கம்மியான 50 ஆம்ப் பிரேக்கரும்தான் போட்டிருந்தேன், காலைல நல்லாத்தான் ஓடும், வெயில் ஏறி ஃபுல் ஸ்பீடுல எதிர்காத்துல போனா பட்டுனு ட்ரிப் ஆயிடும். அது சூட்டுல வேலை செய்ற தெர்மல் டைப், வெயில்லயே பாதி சூடாகி உக்காந்திருந்தா சீக்கிரம் விழத்தானே செய்யும்.

பிரேக்கர்தான் சரியில்லனு நெனச்சு 80 ஆம்ப் மாட்டப் போனேன். நல்லவேளை மாட்டல. பிரேக்கர் மோட்டாரக் காப்பாத்த இல்லங்க, வயரக் காப்பாத்த. மெல்லிசு வயருக்கு 80 ஆம்ப் போட்டா ஏதாவது ஆச்சுன்னா பிரேக்கர் சும்மா இருக்கும், வயர் எரியும்.

அப்புறம்தான் மல்டிமீட்டர எடுத்தேன். ஃபுல் ஸ்பீடுல பேட்டரில 12.4 வோல்ட், மோட்டார் பிளக்ல 11.0. இந்த சைஸ் மோட்டார் ஃபுல்லுல 50 ஆம்ப் கிட்ட இழுக்கும், அப்ப 1.4 வோல்ட்டுனா 70 வாட்ஸ் வழியிலயே சூடாப் போகுது. கணக்கு போடும்போது நான் பண்ண தப்பு, 4 மீட்டர்னே எடுத்துக்கிட்டேன், கரண்ட் போயிட்டு திரும்பியும் வரணும்ல, அதனால 8 மீட்டர். 10 கேஜ்ல அதுவே 1.3 வோல்ட்ட முழுங்கிடுது, மிச்சம் பிரேக்கரும், வயர் நுனில நசுக்கி மாட்டுற லக்கும் (lug).

இப்ப இருக்கறது 4 கேஜ், அதாவது சுமார் 21 ஸ்கொயர் எம்எம், டின் பூசின காப்பர். கூட டிசிக்குனே ரேட் பண்ண 60 ஆம்ப் பிரேக்கர், பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து 7 இஞ்சுக்குள்ள. வழியில குறையற வோல்ட் இப்ப 0.4 தான். வீட்டு எம்சிபி ஒண்ணு சும்மா கிடக்குதேனு யாரும் மாட்டாதீங்க, ஏசி கரண்ட் செகண்டுக்கு 100 தடவ ஜீரோவைத் தொடும், பொறி தானா அணையும், டிசில அந்த வசதி இல்ல, உள்ள பொறி நின்னு எரியும்.

மூணு வருஷத்துல ட்ரிப் ஆனது ரெண்டே தடவ, ரெண்டுமே புரொப்பெல்லர்ல கொடி சுத்தி மோட்டார் திணறினப்ப. அதுக்குத்தானே இருக்கு. ஆனா ஒண்ணு, 60 ஆம்ப்னா 61ல விழும்னு நெனக்காதீங்க, கொஞ்சம் மேல போனா ரொம்ப நேரம் தாங்கும், கொடி மாட்டினது தெரிஞ்சா நாமளே நிறுத்திடணும்.

போன வருஷம் ஒரு லக் மட்டும் கை வைக்க முடியாத அளவுக்கு சுட்டுச்சு. நான் அவசரத்துல கட்டிங் பிளையரால நசுக்கினது அது. வெட்டிட்டு ஹைட்ராலிக் கிரிம்பர்ல புதுசு அடிச்சு, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினா சுருங்குற குழாய் உறை) போட்டேன். இப்பல்லாம் ஓட்டி முடிச்சதும் ஆஃப் பண்ணிட்டு ஒவ்வொரு ஜாயின்ட்டையும் தொட்டுப் பாக்குறது பழக்கமாயிடுச்சு, மீட்டரவிட விரல் சீக்கிரம் சொல்லும்.

அடுத்து லித்தியம் மாத்துற யோசனை இருக்கு, அதுல ஷார்ட் ஆனா வர்ற கரண்ட் லெட் ஆசிடவிட பயங்கரம், இந்த சின்ன பிரேக்கர் பிரியாம உள்ளயே ஒட்டிக்கலாம். அதனால பேட்டரி டெர்மினல்ல அவ்வளவு பெரிய கரண்ட்டையும் பத்திரமா வெட்டுற ஒரு கிளாஸ் டி (Class T) ஃப்யூஸ் போட்டுட்டுத்தான் மாத்துவேன்.