தொலைவிலிருந்தே கோப்புகளை மீட்டுத் தருவதாகச் சொல்பவரிடம் கணினியை ஒப்படைக்கும் முன்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் அடையாள அட்டைச் சிக்கலோடு இருக்கும் குடும்பங்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கும் வேலையை என் அக்கா பல ஆண்டுகளாகச் செய்து வருகிறார். தாத்தா காலத்துச் சம்பளச் சீட்டு, தாமதமாகப் பதிந்த பிறப்புச் சான்றிதழ், நிரந்தரவாசிகளுக்குத் தரப்படும் சிவப்பு அடையாள அட்டையின் நகல், தேசியப் பதிவிலாகாவிலிருந்து வந்த கடிதங்கள் என எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, குடும்பத்துக்கு ஒரு கோப்புறையாகத் தம் மடிக்கணினியில் வைத்திருந்தார். அவற்றுள் சில தாள்களின் மூலம் இன்று எவரிடமும் இல்லை. தோட்டம் கைமாறி, தொழிலாளர்களின் லயன் வீடுகள் இடிக்கப்பட்டபோதே அவை போய்விட்டன. அந்த மடிக்கணினி விண்டோஸ் புதுப்பிப்பு ஒன்றுக்குப் பிறகு உள்ளே போகாமல், நீலத் திரை வருவதும் அணைந்து மறுபடி தொடங்குவதுமாகவே இருந்தது. அதன் பின் நடந்ததை அக்காவின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஏனெனில், அவரை ஏமாற்றிய நபர் இன்னமும் தோட்டத்து வாட்ஸாப் குழுக்களில் விளம்பரம் போட்டுக்கொண்டிருக்கிறார்.

கணினியை ஈப்போவுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை, தாம் அனுப்பும் இணைப்பிலிருந்து ஒரு கோப்பை இறக்கித் தம்ப் டிரைவில் ஏற்றி அதைக் கொண்டு கணினியைத் தொடங்கினால் போதும், மீதியைத் தொலைவிலிருந்தே பார்த்துக்கொள்வேன் என்றார் அந்த நபர். முன்பணம் 150 வெள்ளி (ரிங்கிட்), அதுவும் ஒரு தனிநபரின் வங்கிக் கணக்குக்கு.

இந்த முறையில் பொய் இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். விண்டோஸ் பழுதாவது வேறு, வன்தட்டு பழுதாவது வேறு. விண்டோஸுக்கு மாற்றான உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளத்தைத் தம்ப் டிரைவிலிருந்து தொடங்கி, நிறுவாமல் முயன்று பார்க்கும் வழியைத் தேர்ந்தெடுத்தால், கணினியில் எதையும் அழிக்காமலேயே பழைய வன்தட்டைத் திறந்து கோப்புகளை வேறொரு வட்டுக்குப் படியெடுக்கலாம். உபுண்டுவை அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்தே இலவசமாக இறக்கலாம். எவரோ அனுப்பும் இணைப்பு தேவையே இல்லை. அந்த இணைப்பில் வரும் அமைப்புக்குள் என்ன சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதை அனுப்பியவர் மட்டுமே அறிவார்.

அக்கா அந்த நபர் சொன்னபடியே கணினியைத் தொடங்கி, புதிதாக வாங்கிய வெளி வன்தட்டைச் செருகிவிட்டு, தொலைவிலிருந்து கணினியை இயக்குவதற்காக அவர் கேட்ட இணைப்பு எண்ணைச் சொன்னார். திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்து ஒவ்வொரு குடும்பத்தின் கோப்புறையையும் திறந்து மூடியது. பிறகு ஒரு சிறிய கட்டத்தில் விழுக்காடு ஏறத் தொடங்கியது. மேசையில் இருந்த வெளி வன்தட்டின் விளக்கோ ஒரு தடவைகூட மின்னவில்லை. அதை அக்கா கவனித்துக் கேட்டபோது, முதலில் சரிபார்ப்பு நடக்கிறது, பிறகுதான் படியெடுக்கும் என்று பதில் வந்தது. உண்மையில் கோப்புகள் இணையம் வழியாக அவருடைய இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. அன்றிரவே தொலைபேசியில் அழைத்து, வன்தட்டு சாகும் நிலையில் இருக்கிறது, இனி அதைத் தொடவே கூடாது, கோப்புகள் தம்மிடம் பத்திரமாக இருக்கின்றன, 800 வெள்ளி கட்டினால் அனுப்புகிறேன் என்றார்.

அக்கா அந்த 800 வெள்ளியைக் கட்டவில்லை. பட்டணத்தில் கணினி பழுதுபார்க்கும் ஒரு தம்பி, அக்காவின் கண்முன்னே உபுண்டுவைத் தொடங்கி, அதிலேயே உள்ள டிஸ்க்ஸ் என்னும் கருவியில் வன்தட்டு தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் பதிவைக் காட்டினார். வட்டில் எந்தக் குறையும் இல்லை. எல்லாக் கோப்புகளும் அப்போதே வெளி வன்தட்டுக்கு வந்துவிட்டன. அவர் கேட்ட கூலி அந்த முன்பணத்தைவிடக் குறைவு. ஆனால், வேறொருவர் கைக்குப் போய்விட்ட அடையாள அட்டை நகல்களை எவராலும் திரும்ப வாங்க முடியாது. குடியுரிமைக்காக ஆண்டுக்கணக்கில் அலையும் மக்களுடைய தாள்கள் அவை; எனக்கு நெஞ்சு பொறுக்காதது இதுதான். அக்கா அந்தக் குடும்பங்களை ஒவ்வொன்றாகச் சந்தித்து நடந்ததைச் சொல்லி, போலீஸ் புகாரின் நகலையும் கொடுத்து வருகிறார்.

தொலைவிலிருந்து உதவி பெற்றே ஆகவேண்டிய நிலை வந்தால், சுட்டியை நீங்களே பிடித்துக்கொண்டு, அவரைத் தொலைபேசியில் வழி மட்டும் சொல்லச் சொல்லுங்கள். திரையைக் கொடுத்தே தீர வேண்டுமென்றால், தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் போன்ற செயலிகளில் இணைப்பை ஏற்கும்போதே கோப்பு மாற்றும் அனுமதியை அணைத்துவிடலாம். அதற்குப் பிறகும் அவர் உலாவியையோ கட்டளைச் சாளரத்தையோ திறந்தால் உடனே இணைய இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். கோப்புகள் உங்கள் கணினியிலிருந்து உங்கள் வெளி வட்டுக்கு மட்டுமே போக வேண்டும். விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கர் உள்ள கணினியாக இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கப்படும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கிலேயே இருக்கும். அதை நீங்களே தட்டச்சு செய்யுங்கள், எவருக்கும் படித்துக் காட்டாதீர்கள். வட்டிலிருந்து டிக் டிக் என்ற ஒலி வந்தால் மட்டும் இந்த முயற்சி எதுவும் வேண்டாம். கணினியை அணைத்துவிட்டு, தரவு மீட்புக்கென்றே இருக்கும் ஆய்வகத்தை நாடுங்கள். ஃபார்மேட் செய்துவிட்டுப் பிறகு மீட்டுத் தருகிறேன் என்பவரிடம் எந்தக் கணினியையும் கொடுக்காதீர்கள்.

வங்கி வழியாகப் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் தேசிய மோசடிப் பதில் நடவடிக்கை மையத்தின் 997 என்ற எண்ணுக்கு அழைத்து, உங்கள் வங்கிக்கும் தெரிவித்து, போலீஸ் புகார் செய்யுங்கள். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை, மூன்றாண்டுகளுக்குள், வழக்கறிஞர் இல்லாமல், 5 வெள்ளி கட்டணத்தில் பதியலாம். வாட்ஸாப் உரையாடல், பணம் செலுத்திய ரசீது, அவர் அனுப்பிய இணைப்பு ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருங்கள். நடுவர் மன்றத்துக்கான அக்காவின் விண்ணப்பத்தோடு இவை மூன்றையும் இணைத்திருக்கிறோம். இதே நபரிடம் பணம் கட்டிய வேறு குடும்பங்கள் இருந்தால், தங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் தனித்தனியாகப் புகார் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.