115,200 என்று காட்டி மொடம் விற்கிறார்கள், கவனம்

யாழ்ப்பாணத்தில் 56கே மொடம் (போன் லைன் வழியே இன்டர்நெட்டில் இணைக்கும் கருவி, வினாடிக்கு 56,000 பிட் வரை) வாங்கப் போகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. கஸ்தூரியார் வீதிப் பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

2002இல் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை திறந்ததிலிருந்து கொழும்புச் சாமான் தாராளமாக வந்தது. கடைக்காரர் இரண்டு மொடங்களை ஒப்பிட்டுக் காட்டினார். பழைய 33.6கே வெளி மொடம் இணைந்ததும் திரையில் 28,800. கொம்பியூட்டருக்குள் செருகும் புதிய 56கே மொடம் கார்டுக்கு 115,200! "பாருங்கோ தங்கச்சி, நாலு மடங்கு" என்றார்.

அந்த 115,200 போன் லைனின் வேகமே இல்லை. கொம்பியூட்டருக்கும் மொடத்துக்கும் இடையில் உள்ள போர்ட்டின் வேகம். லைன் எவ்வளவு இரைந்தாலும் அந்த எண் அசையாது. கார்டை வாங்கி வந்து, வீட்டில் மொடம் செட்டிங்கில் கூடுதல் கட்டளை எழுதும் இடத்தில் டபிள்யூ2 (லைனின் வேகத்தைக் காட்டச் சொல்லும் கட்டளை) என்று போட்டேன், உண்மை வெளியே வந்தது: 31,200. அதாவது 33.6கே மொடங்களின் பழைய வி.34 முறையின் வேகம். 56கே வேகம் தரும் வி.90 முறை வேலை செய்ய வேண்டுமென்றால் இன்டர்நெட் கொம்பனியிலிருந்து நமது டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வரை முழுக்க டிஜிட்டலாக இருக்க வேண்டும். நடுவில் ஓரிடத்தில் அனலொக் ஆனாலும் 33,600ஐத் தாண்டாது. அது கார்டின் குற்றமில்லை, சரி. விற்கிறவர் சொல்ல வேண்டாமா?

கடையில் இறக்கிக் காட்டியதும் ஒரு டெக்ஸ்ட் பைல். மொடம் வி.42பிஸ் முறையில் அதைச் சுருக்கித்தான் வாங்கும், பறக்கிற மாதிரித் தெரியும். ஸிப், எம்பி3 எல்லாம் ஏற்கெனவே சுருங்கியவை, அங்கே இந்த வித்தை பலிக்காது. 1 எம்பி ஸிப் பைலுக்கு என் வீட்டில் நாலரை நிமிடம் பிடித்தது. நீங்கள் போகும்போது ஸிப் பைல் ஒன்றை இறக்கிக் காட்டச் சொல்லி, கடிகாரத்தைப் பாருங்கள்.

அப்புறம், பில்லில் 'ஹார்ட்வேர் மொடம்', அதாவது வேலையைத் தானே செய்யும் மொடம் என்று எழுதியிருக்கிறார். கழற்றிப் பார்த்தால் கார்டில் ஒரேயொரு சின்னச் சிப். விண்டோஸ் டிரைவர் இல்லாவிட்டால் அது வெறும் தகடு. வேலை முழுவதையும் பிராசசரின் தலையில் கட்டிவிடுகிறது. பைல் இறங்கும்போது பாட்டுப் போட்டால் விக்கி விக்கிப் பாடுகிறது.

திரும்பக் கொண்டுபோனேன்.

"உங்கட வீட்டு லைன் பிழை, தங்கச்சி. கார்ட் நல்ல கார்ட்."

"அப்ப பில்லில ஹார்ட்வேர் எண்டு எழுதினது ஆர் அண்ணை?"

அதற்குப் பதில் இல்லை. காசு தரமாட்டாராம், வேறு சாமான் எடுக்கலாமாம். அந்தப் பழைய 33.6 வெளி மொடத்தைத் தாருங்கள் என்றேன். அதற்கு இன்னும் ஆயிரம் ரூபாய் மேலே வைக்க வேண்டும் என்றார்.