யுயுஐடியோடு பத்து வருடம்: எழுத்தில் ஒரு வரிசை, பைட்டில் வேறு வரிசை

நான் எழுதும் பில்லிங் மென்பொருளில் ஒவ்வொரு ரசீதுக்கும் யுயுஐடி (UUID) என்ற, வேறெதனுடனும் மோதாத அடையாள எண்ணைக் கொடுக்க ஆரம்பித்துப் பத்து வருடம் ஆகிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த சர்வரும் யாரையும் கேட்காமல் தானே ஒரு அடையாளத்தை உருவாக்கிக்கொள்ளலாம். 16 பைட், எழுதிக் காட்டினால் பைட்டுக்கு இரண்டாக 32 ஹெக்ஸ் (பதினாறு அடிமான) இலக்கம், நடுவே 4 கோடு. அந்த 36 எழுத்தாகவே வைத்திருந்தவரை எனக்கு ஒரு தொல்லையும் வந்ததில்லை. இடம் மிச்சம் பிடிக்க 16 பைட்டாகக் கையில் எடுத்தபோதுதான் வந்தது.

12345678-1234-4567-8901-234567890123 என்ற அடையாளத்தைப் பாருங்கள். போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தளம் இதை 12, 34, 56, 78 என்று கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே பைட்டாக வைக்கும். யுயுஐடிக்கான இணையத் தர ஆவணமாக 2005இல் வந்த ஆர்எஃப்சி 4122 சொல்வதும், 2024இல் அதன் இடத்துக்கு வந்த ஆர்எஃப்சி 9562 சொல்வதும் இந்த வரிசையைத்தான். மைக்ரோசாஃப்டின் மென்பொருள் தளமான டாட்நெட்டில், பைட்டாக மாற்றித் தரும் டூபைட்அரே ஃபங்ஷன் கொண்டு கேட்டால் அதுவே 78, 56, 34, 12 என்று ஆரம்பிக்கும். முதல் மூன்று பகுதிகளும் தனித்தனியே திரும்பிவிடும், கடைசி இரண்டும் அப்படியே நிற்கும்.

ஏன் பாதி மட்டும்? மைக்ரோசாஃப்டின் வரையறையில் முதல் பகுதி ஒரு 32 பிட் எண், அடுத்த இரண்டும் 16 பிட் எண்கள், மீதி 8 பைட் வெறும் பைட் வரிசை. இன்டெல் சிப் எண்ணை நினைவகத்தில் எழுதும்போது சிறிய பைட்டை (வலது ஓரத்துப் பைட்டை) முன்னால் வைக்கும். வெறும் பைட் வரிசையில் திருப்ப எதுவும் இல்லை. ஹார்ட் டிஸ்க்கின் பிரிவுகளைக் குறித்துவைக்கும் ஜிபிடி அட்டவணையிலும், மைக்ரோசாஃப்டின் பயனர் பதிவேடான ஆக்டிவ் டைரக்டரி தரும் அடையாளத்திலும் இதே கலப்பு வரிசைதான்.

நான் மாட்டிக்கொண்டது டாட்நெட்டில் ஓடிய பழைய சி ஷார்ப் மென்பொருளிலிருந்து பைத்தானுக்கு மாறியபோது. பழைய தரவை 16 பைட்டாக ஏற்றுமதி செய்து, பைத்தானில் 'பைட்ஸ்' என்று படித்துவிட்டேன். படித்திருக்க வேண்டியது, அந்தக் கலப்பு வரிசைக்கான 'பைட்ஸ்_எல்இ'. ஒரு பிழைச் செய்தியும் வரவில்லை. பதிவுகளின் எண்ணிக்கை சரி. வாடிக்கையாளர் அட்டவணையும் அதே மாதிரி திரும்பியிருந்ததால், அட்டவணைகளுக்கு இடையிலான இணைப்புகளும் சரி. வாடிக்கையாளர் ஒருவர் பழைய மின்னஞ்சலில் இருந்த ரசீது எண்ணை அனுப்பித் தேடச் சொன்னபோதுதான் அப்படி ஒன்றே இல்லை என்று தெரிந்தது. அதற்குள் இரண்டு வாரம் ஓடியிருந்தது. சரியான வரிசையில் புதிய ரசீதுகளும் அதே அட்டவணையில் கலந்துவிட்டன.

மறுபடி திருப்பினால் சரியாகிவிடும்தான். ஆனால் எதைத் திருப்புவது? கைகொடுத்தது மூன்றாவது பகுதி. எங்கள் அடையாளங்கள் எல்லாம் நான்காம் வகை, அதாவது தற்செயல் எண்கள். அவற்றில் மூன்றாவது பகுதியின் முதல் இலக்கம் எப்போதும் 4. திரும்பிவிட்டால் அந்த 4 மூன்றாவது இடத்துக்குப் போய்விடும். மேலே உள்ள 4567 இப்போது 6745. பெரும்பாலான பதிவுகளை இப்படியே பிரித்துவிட்டேன். தற்செயலாக இரண்டு இடத்திலும் 4 விழுந்தவை ஏறக்குறைய பதினாறில் ஒன்று. அவற்றுக்கு மட்டும் உருவான தேதியைப் பார்க்க வேண்டியிருந்தது. திருத்திய ஒவ்வொரு பதிவிலும் ஒரு குறியும் வைத்தேன், பாதியில் நின்று மறுபடி ஓடினால் சரியானதும் புரண்டுவிடும் என்பதால்.

இப்போது இரண்டு அமைப்புகளுக்கு இடையே 36 எழுத்தைத் தவிர வேறு எதையும் அனுப்புவதில்லை. எழுத்தாகப் போனால் கூடுதலாக 20 பைட், அந்தச் செலவு எனக்கு முழுச் சம்மதம். பைட்டாகத்தான் வேண்டும் என்றால், டாட்நெட் 8 முதல் பெரிய பைட் முன்னால் வரட்டும் என்று வெளிப்படையாகக் கேட்க வழி இருக்கிறது, அதைப் பயன்படுத்துகிறேன். மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தில் அடையாளத்தைப் பைனரியாக்கும் ஃபங்ஷனுக்கும் பகுதிகளை இடம் மாற்றும் ஒரு விருப்பம் உண்டு, ஆனால் அது இன்டெக்ஸுக்காக (தேடலை வேகப்படுத்தும் பட்டியலுக்காக) வந்த வேறொரு மாற்றம். இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடாதீர்கள்.

அப்புறம், அன்றைக்கு எங்கள் சோதனைகள் ஏன் இதைப் பிடிக்கவில்லை என்று தேடிப் பார்த்தேன். சோதனைத் தரவில் எல்லா அடையாளமும் 11111111-1111 என்று போயிருந்தது. எப்படித் திருப்பினாலும் அது அதேதான். இப்போது ஒவ்வொரு திட்டத்திலும் நான் எழுதும் முதல் சோதனை, மேலே காட்டிய அந்த 12345678-ஐ ஒரு பக்கம் பைட்டாக்கி, மறுபக்கம் எழுத்தாக வாங்கிப் பார்ப்பது.