பழைய லேத்தில் எத்தனை கிலோ ஏற்றலாம்: கையேடா, கணக்கா, டயலா?

கையேடு தொலைந்துபோன பத்தடி லேத்தை (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) வாங்குபவருக்கு முதலில் வரும் சந்தேகம், அதில் எத்தனை கிலோ ஜாப் (கடைய வேண்டிய பொருள்) ஏற்றலாம் என்பதுதான். விடை காண மூன்று வழிகள் உண்டு. அதே அளவுள்ள வேறொரு இயந்திரத்தின் கையேட்டைப் பார்ப்பது, தாங்கும் புள்ளிகளை வைத்துக் கணக்குப் போடுவது, எடையைத் தொங்கவிட்டு, நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் இண்டிகேட்டரில் அளப்பது. எங்கள் பட்டறையில் மூன்றாவதைத்தான் நம்புகிறோம்.

கையேட்டை வைத்து ஒப்பிடுவோர் பெரும்பாலும் பெட்டின் (லேத்தின் நீண்ட அடிப்பாகம்) மேல் எவ்வளவு விட்டம் சுற்றும் என்பதையே பார்க்கிறார்கள். அந்த அளவு இடத்தைச் சொல்லும், பலத்தைச் சொல்லாது. கன்மெட்டல் புஷ்ஷில் (வெண்கல வளையம்) ஓடும் பழைய ஸ்பிண்டிலுக்கும் (ஜாப்பைச் சுழற்றும் தண்டு) டேப்பர் ரோலர் பேரிங்கில் ஓடும் ஸ்பிண்டிலுக்கும் கையேட்டின் ஒரே கிலோ எண் எப்படிப் பொருந்தும்? அந்த எண்ணை உச்சவரம்பாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

கணக்குக்கு மதிப்பு அதிகம். இரும்பு உருளையின் எடைக்கு, மி.மீ.யில் உள்ள விட்டத்தின் வர்க்கத்தை 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கான கிலோ கிடைக்கும் என்ற வாய்ப்பாடு பட்டறைக்காரர்கள் அனைவருக்கும் தெரியும். 250 மி.மீ. விட்டம், 600 மி.மீ. நீளம் என்றால் சுமார் 231 கிலோ. ஸ்பிண்டிலைத் தாங்கும் முன்பேரிங்குக்கும் பின்பேரிங்குக்கும் இடைவெளி 500 மி.மீ., ஜாப்பின் எடைமையம் முன்பேரிங்கிலிருந்து 500 மி.மீ. வெளியே என்று கொள்வோம். சக்கில் (ஜாப்பின் ஒரு முனையைத் தாடைகளால் கவ்வும் பிடி) மட்டும் பிடித்தால் முன்பேரிங் மேல் விழும் பாரம் 462 கிலோ. பின்பேரிங்கை 231 கிலோ மேல்நோக்கித் தூக்கும். அதே ஜாப்பின் மறுமுனையை டெயில்ஸ்டாக் சென்டர் (எதிர்ப்பக்கத்துக் கூர்முனைத் தாங்கி) தாங்கினால், சக்கின் தாடை முன்பேரிங்கிலிருந்து 200 மி.மீ. தள்ளி இருக்கும்போது முன்பேரிங் பாரம் ஏறக்குறைய 162 கிலோவாகக் குறைந்துவிடும். சக்கின் எடை இரண்டிலும் தனி. ஆகவே ஒரு லேத்துக்கு ஒரே எடை வரம்பு என்று கிடையாது. சக்கில் மட்டும், சக்கும் சென்டரும், ஸ்டெடி ரெஸ்ட்டுடன் (ஜாப்பை இடையில் தாங்கும் சட்டம்) என்று பிடிக்கும் முறைக்கு ஏற்ப வரம்பும் மாறும்.

ஆனால் கணக்குக்குத் தேய்மானம் தெரியாது. பழைய இயந்திரத்தில் முடிவைத் தீர்மானிப்பது அதுதான் என்பது என் உறுதியான கருத்து. முப்பது, நாற்பது ஆண்டுகள் ஓடிய புஷ் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதை அந்த இயந்திரத்திடமே கேட்க வேண்டும்.

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, சக்கில் தடித்த உருளை ஒன்றைப் பிடியுங்கள். டயலின் காந்த அடியை ஹெட்ஸ்டாக் (ஸ்பிண்டில் இருக்கும் பெட்டி) உடலில் பொருத்தி, முனை ஸ்பிண்டில் நோஸை (சக் மாட்டும் முனை) தொடும்படி வையுங்கள். உருளையைத் தொட்டால் அதன் வளைவும் அளவில் சேர்ந்துவிடும். முதலில் மரக்கட்டையால் சக்கை மேலே நெம்பிப் பாருங்கள். முள் 0.05 மி.மீ.க்கு மேல் ஓடினால் எடைப் பேச்சே வேண்டாம், பேரிங்கைச் சரிசெய்யுங்கள். இது எங்கள் பட்டறை வழக்கம். பிறகு, ஜாப்பின் எடைமையம் வரும் இடத்தில் பெல்ட் கட்டி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் எடையைத் தொங்கவிட்டு, 25 கிலோ வீதம் கூட்டுங்கள். தொடக்கத்தில் முள் ஒருமுறை சட்டென்று நகரும்: பின்பேரிங்கின் தளர்வு அடைபடுகிறது. அதன் பிறகு ஒவ்வொரு 25 கிலோவுக்கும் ஒரே அளவு இறங்க வேண்டும். எந்தப் படியில் இறக்கம் கூடுகிறதோ, எடையை எடுத்த பின் முள் பழைய இடத்துக்குத் திரும்பவில்லையோ, அங்கே நிறுத்திவிடுங்கள். அதில் பாதியைத்தான் நாங்கள் வரம்பாக வைக்கிறோம். அந்தப் பாதி கையேட்டின் உச்சவரம்பைத் தாண்டினால் கையேட்டுக்கே கட்டுப்படுகிறோம்.

நின்ற நிலையில் எடுத்த அளவு வேகத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. மையத்திலிருந்து 200 மி.மீ. தள்ளி ஒரு கிலோ சமநிலை தவறினால் 300 ஆர்பிஎம்மில் இழுவிசை சுமார் 20 கிலோ, 600இல் 80. கோணலான வார்ப்புகளை எதிரெடை கட்டாமல் ஓட்டக் கூடாது. புஷ் இயந்திரமானால் குறைந்த வேகத்தில் அரைமணி நேரம் ஓட்டி, ஹெட்ஸ்டாக்கில் கை வைத்துச் சூட்டையும் பாருங்கள்.

டன் கணக்கில் ஏற்றும் பெரிய லேத்களில் எனக்குப் பழக்கம் குறைவு. அங்கே டெயில்ஸ்டாக் சென்டரும் பெட்டும் முந்திக்கொண்டு வரம்பை நிர்ணயிக்கலாம். பத்தடி வரையிலான இயந்திரங்களுக்கே இந்த முறையைச் சொல்கிறேன்.